அரைக்கம்பத்தில் பதினான்காம் இலக்கம்

ஹைரெஹோய் வீட்டு உரிமையாளர் சங்கம் தன்னுடைய நாற்பத்தாறு வருட வரலாற்றில் ஒரேயொரு தடவைதான் ஒரு மனிதன் இறந்துவிட்டானா இல்லையா என்பதை வாக்கெடுப்புக்கு விட்டது. ஒன்பதுக்கு நான்கு என்ற கணக்கில் அவன் இறந்துபோனான். இரண்டு பேர் நடுநிலை வகித்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களில் அவனைக் கண்ணால் கண்டிருந்த ஒரே ஆளுக்கு வாக்குரிமை இருக்கவில்லை.

அந்த ஆள் அருமைநாயகி. வயது ஐம்பத்திரண்டு. ஹொல்ஸ்டெப்ரோவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பன்றி விலா எலும்பு பிரித்தவள். 2008 கடைசியில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அவளும் குறைந்தாள். கணவர் பாலேந்திரா அதற்குப் பத்து வருடம் முந்தியே லண்டனுக்குப் போய்த் தன்னைக் குறைத்துக்கொண்டிருந்தார். மகள் ஜெனிதா எஸ்பியர்க் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தாள். தாய் தமிழில் கேட்டால் மகள் டேனிஷில் பதில் சொல்வாள். டேனிஷில் அம்மாவுக்கு மோர் என்று பெயர். அருமைநாயகிக்கு அது இத்தனை வருடத்துக்குப் பிறகும் குடிக்கிற மோராகத்தான் கேட்டது.

தை மாதம் அவளுக்கு ஹைரெஹோயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஹைரெஹோய் கோபன்ஹேகனுக்கு வடக்கே ரயிலில் அரை மணி நேரம். அங்கே வேலை செய்கிற ஒருவரும் அங்கே குடியிருப்பதில்லை. அங்கே குடியிருக்கிற ஒருவரும் அங்கே வேலை செய்வதில்லை. அருமைநாயகி மட்டும் இரண்டையும் செய்ய நேர்ந்தது. அதற்குக் காரணமும் சங்கம்தான்.

சங்கத்தின் முப்பத்தோராம் விதி, எந்த வீடும் தொண்ணூறு நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கக்கூடாது என்று சொன்னது. இருட்டு ஜன்னல்கள் வீதியின் முகத்தைக் கெடுக்குமாம். பதினான்காம் இலக்க வீட்டுக்காரர் தோர்சன், கட்டட வரைகலைஞர், இரண்டு வருட வேலையாக டுபாய் போகவேண்டியிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் போடுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் நிலவறையை வாடகைக்கு விட்டார். ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். சங்கத்துக்காக அவள் செய்யவேண்டியவை பற்றிய இணைப்பு பதினொரு பக்கம். செடிவேலி வெட்டவேண்டும். பனி தள்ளவேண்டும். கொடி நாட்களில் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி, சூரியன் மறையும்போது இறக்கவேண்டும்.

"கொடி ஏற்றிப் பழக்கமா?" என்று தோர்சன் கேட்டார்.

"இல்லை. கொடி ஏத்தினவையைப் பாத்திருக்கிறன்."

மேல்மாடியையும் பாவிக்கலாம் என்று சொல்லித்தான் அவர் போனார். அங்கே இருந்த சோபா வெள்ளை, கம்பளம் வெள்ளை, சுவர் வெள்ளை. அருமைநாயகி ஒவ்வொரு நாளும் மாலை மேலே போய் விளக்குகளைப் போட்டுவிட்டு, ஒன்றிலும் முட்டாமல் திரும்பி நிலவறைக்கு இறங்குவாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கோப்பிக்குச் சங்கத் தலைவரும் செயலாளரும் வந்தார்கள். தலைவர் ஃபிளெம்மிங் ப்ரோகோர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். செயலாளர் பிர்கித்த ஓய்வுபெற்ற பல் வைத்தியர். இனி வலிக்கப்போகிறது என்பதைச் சிரித்தபடி சொல்கிற குரல் அவரை விட்டு இன்னும் ஓய்வுபெறவில்லை.

"நீங்கள் எந்த இடம்?" என்று பிர்கித்த கேட்டார்.

"ஹொல்ஸ்டெப்ரோ."

"அது கேட்கும்போதே தெரிகிறது" என்றார் ஃபிளெம்மிங், சிறிது வருத்தத்தோடு. அருமைநாயகியின் டேனிஷ் தொழிற்சாலையில் கற்றது. மேற்கு யூலாந்துப் பேச்சுவழக்கு அதில் அப்படியே ஒட்டியிருந்தது.

பிறகு ஃபிளெம்மிங் விளக்கினார். "நாங்கள் மிகவும் திறந்த மனதுள்ளவர்கள். அதனால்தான் வேலியின் உயரத்தை ஒரு மீற்றர் எண்பது என்று வைத்திருக்கிறோம். அதற்கு மேல் போனால் அயலவர்மேல் பகை என்று ஆகிவிடும். அதற்குக் கீழே போனால் அவர்களைப் பார்க்கவேண்டி வரும். இன்னொன்று. இங்கே யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை. விதிகள்தான் இடுகின்றன. அந்த விதிகளை எழுதியது மட்டும்தான் நாங்கள்."

"உங்கள் வரவால் எங்களுக்கும் பயன் உண்டு" என்றார் பிர்கித்த. "எங்கள் ஆண்டறிக்கையில் 'பன்முகத்தன்மை' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. மூன்று வருடமாக அதன்கீழ் எழுத ஒன்றும் இல்லாமல் தவித்தோம்."

இருவரும் கோப்பியைக் குடித்துவிட்டு, சரியாக நாற்பத்தைந்தாவது நிமிடம் எழுந்து போனார்கள்.

காலை ஏழு நாற்பத்திரண்டு ரயிலில் வீதி முழுவதும் கோபன்ஹேகனுக்குப் போய்விடும். மாலை ஐந்து பத்துக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்ளும். அருமைநாயகி எட்டரைக்கு வேலைக்கு நடந்து போவாள், நாலரைக்குத் திரும்பி நடந்து வருவாள். இரண்டு நேரமும் வீதியில் ஆள் இருக்காது. யாராவது எதிர்ப்பட்டால் தலையாட்டிவிட்டு, எதையோ மறந்துவிட்டவர்போல ஒருதரம் வானத்தைப் பார்ப்பார். அங்கிருந்த பத்து மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் அவளை மதிலுக்கு அப்பால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது யாருமில்லை. அந்தப் பெயரை யாருக்கும் சொல்லவராது என்பதும் உண்மை.

சித்திரையில் ஒரு நாள் அவள் நெத்தலிக் கருவாடு பொரித்தாள். மூன்றாம் நாள் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வாசனை பற்றி முறைப்பாடு கிடைத்ததாகவும், விதிக்கோவையின் எண்பத்திரண்டு பக்கங்களையும் ஆராய்ந்ததில் வாசனை பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது தெரியவந்ததாகவும், அந்தக் குறைபாட்டுக்குச் சங்கம் வருந்துவதாகவும் அதில் இருந்தது. உண்மை நிலையை அறிய மூவர் கொண்ட உபகுழு ஒன்று வரும், தயவுசெய்து வழமைபோலச் சமைக்கவும்.

உபகுழு சனிக்கிழமை வந்தது. மூவரும் வேலியோரம் மூன்று மூலைகளில் காகிதமும் பேனையுமாக நின்றார்கள். அருமைநாயகி ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரித்தாள். அறிக்கை பின்வருமாறு முடிந்தது: வாசனை உண்டு. பலம் நடுத்தரம். திசை கிழக்கு. கெட்ட வாசனையா என்பதில் உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓர் உறுப்பினர் மேலும் ஒரு மாதிரி கேட்டார்.

உண்மையில் அவர் இரண்டு தடவை கேட்டார். அருமைநாயகி ஒரு தட்டில் வைத்து வேலிக்கு மேலால் நீட்டினாள். அடுத்த சனிக்கிழமையும் அதே நேரத்துக்குப் பொரித்து, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். வேலிக்கு அப்பால் ஒருவரும் நிற்கவில்லை.

அந்த நாட்களில் அவள் எங்கே நின்றாலும் ரெலிபோன் அவளுடைய ஏப்ரன் பையில் இருந்தது. அவளுடைய ஒரே தம்பி குருசுமுத்து முல்லைத்தீவில் படகு மோட்டார் திருத்துகிறவன். கலியாணம் கட்டவில்லை. அங்கே சண்டை நெருக்க நெருக்கச் சனங்கள் ஒவ்வோர் இடமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பெப்ரவரி இருபத்தோராம் திகதி யாரோ ஒருவருடைய போனிலிருந்து அவன் நாற்பது செக்கன் கதைத்தான்.

"அக்கா, இடம் மாறுறம். சனம் கூட. நான் சுகமா இருக்கிறன். பேந்து எடுக்கிறன். நீ எடுக்காதை, இது வேற ஆளின்ர போன்."

பிறகு எடுக்கிறேன் என்றவன் எடுக்கவில்லை. அவள் கடிதங்கள் எழுதினாள். படிவங்கள் நிரப்பினாள். கிடைத்துவிட்டது என்ற பதில்கள் மட்டும் வந்தன.

மே நான்காம் திகதி மாலை டென்மார்க்கில் ஜன்னல்களில் மெழுகுதிரி வைப்பார்கள். 1945இல் அந்த மாலையில்தான் ஜெர்மன்காரர் சரணடைந்த செய்தி வானொலியில் வந்தது. ஹைரெஹோயில் அதற்கும் விதி இருந்தது. வீதியைப் பார்த்த ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு திரி, வெள்ளை, எட்டு முப்பத்தைந்துக்கு ஏற்றவேண்டும். அந்த நேரத்தில் வெளியே இன்னும் வெயில் போகவில்லை. திரிகள் எரிவதே தெரியவில்லை. ஃபிளெம்மிங் ஒவ்வொரு வீடாக வந்து, ஜன்னலுக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டு போனார்.

பதினான்காம் இலக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. "ஒரு போர் முடிவதைவிட அழகான விடயம் உலகத்தில் இல்லை. ஐந்து வருடம் நாங்கள் பட்ட துன்பத்தை அறுபத்துநான்கு வருடமாக மறக்கவில்லை. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு நாள் இருக்கிறதா?"

"இன்னும் முடியேல்லை" என்றாள் அருமைநாயகி.

"ஓ." அவர் பேனையை மூடினார். "முடியும்போது சொல்லுங்கள். வேறு நாட்களில் திரி ஏற்றுவதானால் பதினான்கு நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்."

அந்தச் சண்டை பதினான்காவது நாளே முடிந்தது. மே பதினெட்டு, திங்கட்கிழமை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் காலநிலைக்கு முன்னால் அரை நிமிடம் சொன்னார்கள். சமையலறைப் பொறுப்பாளர் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார். "உன்னுடைய போர் முடிந்துவிட்டதாம்! வாழ்த்துக்கள்!" கோப்பி நேரத்துக்குக் கேக் வந்தது. கேக்கில் சின்னக் காகிதக் கொடிகள் குத்தியிருந்தன. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தன்னுடைய துண்டை முழுவதும் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு குளிர்அறைக்குள் போய்ப் பால் பெட்டிகளுக்கிடையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

பின்னேரம் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து கிருபாமலர் போன் எடுத்தாள். தொழிற்சாலையில் பத்து வருடம் பக்கத்து மேசையில் நின்றவள்.

"அருமையக்கா, வவுனியா முகாமுக்கு வந்த ஒராள் குருசுமுத்தைக் கண்டதெண்டு சொல்லுறாராம்."

"எப்ப கண்டதாம்?"

"அதுதான் தெரியேல்லை. கடைசிக் கிழமையோ, அதுக்கு முதலோ. இன்னொராள், அவர் நிண்ட பங்கர் குழியடியில செல் விழுந்து வெடிச்சதெண்டு சொல்லுறார். அவர் அதுக்குள்ள நிண்டவரோ எண்டு அந்தாளுக்கும் தெரியாது. அழாதேங்கோ அக்கா."

"நான் அழேல்லை. எதுக்கெண்டு அழுறது, சொல்லு பாப்பம்."

ஜெனிதா நேராகவே சொன்னாள், டேனிஷில். "மோர், மாமா செத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதுதான் உனக்கு நல்லது. இல்லாவிட்டால் நீ இப்படியே இருப்பாய்."

"ஓம்" என்றாள் அருமைநாயகி. அது எதற்கான ஓம் என்று மகள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, இயேசு விண்ணேறிய நாள், கொடி நாளாக வந்தது. எட்டு மணிக்கு அவள் விதிப்படி கொடியை உச்சிவரை ஏற்றினாள். சிவப்பும் வெள்ளையுமாக அது காற்றில் நன்றாக விரிந்து பறந்தது. அருமைநாயகி கீழே நின்று பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்து, கொடியைக் கம்பத்தின் பாதிக்கு இறக்கிக் கட்டினாள். முதியோர் இல்லத்தில் யாரும் இறந்தால் அப்படித்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஹைரெஹோயில் கொடி அரைக்கம்பத்தில் நின்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். பத்து மணிக்குள் மூன்று பூச்செண்டுகள் வாசலில் கிடந்தன. மத்தியானத்துக்குள் ஏழாகின. எல்லாம் காலஞ்சென்ற தோர்சனுக்கு. யாரோ அவருடைய மனைவிக்கு அனுதாபம் சொல்ல டுபாய்க்குப் போன் எடுக்க, தோர்சனே எடுத்துத் தன்னுடைய மரணச் செய்தியைக் கேட்டுக்கொண்டார்.

ஒரு மணிக்கு ஃபிளெம்மிங் கறுப்புக் கோட்டோடு வந்தார்.

"யார் இறந்தது?"

"என்ர தம்பி" என்றாள். பிறகு, "தெரியாது" என்றாள்.

"தம்பியா என்று தெரியாதா?"

"தம்பிதான். செத்திட்டானோ எண்டுதான் தெரியாது."

ஃபிளெம்மிங் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "அப்படியானால் அரைக்கம்பம் சரியில்லையே. அவர் இறந்ததற்கு ஆதாரம் இல்லை."

"உயிரோட இருக்கிறதுக்கும் ஆதாரம் இல்லை. அப்ப முழுக்கம்பம் மட்டும் சரியோ?"

அவர் நெடுநேரம் கம்பத்தைப் பார்த்தார். கண்ணாலேயே அளப்பது தெரிந்தது. "கொடிக்கு இரண்டு நிலைதான் உண்டு. உச்சி, பாதி. தெரியாது என்பதற்கு ஒரு நிலை இல்லை."

"அதுதான் எனக்கும் பிரச்சினை" என்றாள் அவள்.

மறுநாளும் எட்டு மணிக்குக் கொடி பாதியில் ஏறியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. அருமைநாயகி விதிக்கோவையை இப்போது தானே வாசித்திருந்தாள். நாற்பத்தோராம் விதி: "இழவு வீட்டில் அடக்கம் முடியும்வரை கொடி அரைக்கம்பத்தில் பறக்கலாம். அடக்கம் முடிந்ததும் உச்சிக்கு ஏற்றப்பட வேண்டும்." அடக்கம் நடக்கவில்லை. ஆகவே கொடி நின்றது. வைகாசி போய் ஆனி வந்தது. பதினேழாம் இலக்க வீட்டை வாங்குவதற்காகப் பார்க்க வந்தவர்கள், வீட்டைப் பார்க்காமல் யார் செத்தது என்று கேட்டார்கள். காலை ரயிலில் போகிறவர்களுக்கு மனம் சோர்கிறது என்று இரண்டு கடிதங்கள் சங்கத்துக்கு வந்தன. அந்த இரண்டில் ஒன்றை எழுதியவருடைய தாய் போன வருடம் முதியோர் இல்லத்தில் இறந்தபோது அவருக்கு வேலை மினக்கெட்டு வர நேரம் கிடைக்கவில்லை என்பது அருமைநாயகிக்குத் தெரியும். அவள் அதை யாருக்கும் சொல்லவில்லை.

ஆனி நடுவில் நிர்வாகக் கூட்டம் கூடியது. நிகழ்ச்சி நிரலில் நான்காவது விடயம்: "இலக்கம் 14, உறுதிப்படுத்தப்படாத துக்கம்." அருமைநாயகியை அழைத்திருந்தார்கள். வாடகைக்காரருக்கு வாக்கு இல்லை, ஆனால் மூன்று நிமிடம் பேசலாம்.

முதலில் ஒரு பொறியியலாளர் எழுந்து, முக்கால் கம்பத்தைப் பரிசீலிக்கலாம் என்றார். பாதிக்கும் உச்சிக்கும் சரிநடுவில் நிற்பதால் இரு தரப்புக்கும் நியாயம். பிர்கித்த குறுக்கிட்டார். "அவர் உயிரோடு இருப்பதற்கு எத்தனை வீதம் வாய்ப்பு என்று தெரிந்தால் உயரத்தைத் தீர்மானிப்பது சுலபம். அருமை... மன்னிக்கவேண்டும். நீங்கள் உத்தேசமாக ஒரு எண் சொல்ல முடியுமா?"

அந்த மூன்று நிமிடத்தை அளக்கப் பிர்கித்த முட்டை அவிக்கும்போது வைக்கிற மணிக்கூட்டைத் திருகி மேசையில் வைத்தார். அருமைநாயகி அதைப் பார்த்தபடியே நின்றாள். வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதிப் பாடமாக்கி வந்ததெல்லாம் மறந்துபோனது.

"அவன் பேந்து எடுக்கிறன் எண்டு சொன்னவன்" என்றாள் கடைசியில். "சொன்னா எடுக்கிறவன்."

மீதி இரண்டரை நிமிடத்தையும் எல்லோரும் மரியாதையாக, மணி அடிக்கும்வரை, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆதாரம் திரட்டுவதென்று முடிவாகியது. அந்த வேலையை ஃபிளெம்மிங் ஏற்றார். இந்த இடத்தில் அவரைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் பதினொரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டார், பதில் வராவிட்டால் பத்தாம் நாள் நினைவூட்டினார், இருபதாம் நாள் மேலதிகாரிக்கு முறையிட்டார். அமைச்சுக்கு எழுதினார், தூதரகத்துக்கு எழுதினார், காணாமற்போனவரைத் தேடுகிற ஒரு பணிமனைக்கு எழுதினார். "பொருள்: கொடிக்கம்பம், இலக்கம் 14" என்று தலைப்பிட்ட அந்தக் கடிதங்களுக்குப் பதில் வந்தது. ஐந்து மாதமாக ஓர் அக்கா எழுதியபோது கிடைக்காத பதில், ஒரு கம்பத்துக்காக எழுதியபோது கிடைத்தது.

ஆவணி தொடக்கத்தில் அவர் கடிதக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு வந்தார். அவள் தேத்தண்ணி வைத்தாள். கோப்பின் முதுகில் சீரான எழுத்தில் தம்பியின் பெயர் இருந்தது. இரண்டு எழுத்துப் பிழை. இருந்தாலும் அந்த வீட்டுக்குள் அவன் பெயரை எழுதிக்கொண்டு வந்த முதல் ஆள் அவர்தான். அருமைநாயகி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணிமனையின் பதிலை அவர் வாசித்தார். "மேற்படி பெயர் எங்களிடமுள்ள எந்தப் பட்டியலிலும் இல்லை. இதனால் அவர் இறந்துவிட்டார் என்றோ உயிரோடு இருக்கிறார் என்றோ கொள்ள முடியாது." ஃபிளெம்மிங் கடிதத்தை மேசையில் அடித்து வைத்தார். கோபம். "இதுவா ஒரு பதில்? நான் நாற்பது வருடம் நிலம் அளந்தவன். எல்லையில்லாத காணியை நான் கண்டதில்லை. எங்கோ ஓர் இடத்தில் ஒரு கோடு இருக்கத்தான் வேண்டும்."

"கோடு போட ஆள் வேணுமே" என்றாள் அவள்.

அவர் அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்.

வேறோர் அவசரமும் இருந்தது. ஆகஸ்ட் இருபத்தொன்பது சனிக்கிழமை வீதி விழா. நாற்பத்தாறாவது வருடம். பெரிய கூடாரம், வறுத்த பன்றி, இசைக்குழு. அரைக்கம்பத்துக்குக் கீழே நடனம் ஆட முடியாது. விசேட பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. வந்த பதினைந்து உறுப்பினர்களுக்கு முன்னால் தீர்மானம் வைக்கப்பட்டது: இலக்கம் 14 சார்ந்த திரு. குருசுமுத்து அவர்கள் இறந்துவிட்டதாகச் சங்கத்தின் தேவைகளுக்காகக் கொள்ளப்படும். அவரது அடக்கம் ஆகஸ்ட் 29 மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடந்ததாகக் கொள்ளப்படும். முடிவு உங்களுக்குத் தெரியும்.

சொன்னபடியே சனிக்கிழமை பன்னிரண்டுக்கு அவர்கள் வந்தார்கள். இருபத்தைந்து பேர் இருக்கும். எல்லோரும் கடும் நிற உடுப்பு. பின்னால் வீதி முனையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் சுத்தியலை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். கருவாட்டு மாதிரி கேட்ட மனிதரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அருமைநாயகி தன்னுடைய நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். ஏன் கட்டினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஃபிளெம்மிங் காகிதத்தைப் பிரித்தார். "நாங்கள் அவரை அறியவில்லை. ஆனால் அவருக்காகப் பதினொரு கடிதம் எழுதினோம். ஒரு மனிதனுக்குச் சமூகம் செய்யக்கூடியது இவ்வளவுதான். நிச்சயமின்மை ஆளைத் தின்றுவிடும், வீதியையும் தின்றுவிடும். ஆகவே இன்று முதல் எங்கள் வாடகைக்காரரின் துக்கம், நாற்பத்தோராம் விதியின்படி, நிறைவடைகிறது. கொடியை உச்சிக்கு ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். விழா ஐந்து மணிக்கு. வாடகைக்காரரும் அன்புடன் அழைக்கப்படுகிறார்."

கயிற்றை அவளிடம் தந்தார்கள்.

கயிறு கையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அருமைநாயகி இழுத்துவிடத்தான் நினைத்தாள். குருசுமுத்து செத்திருந்தால், உலகத்தில் அவனுக்காக ஆட்கள் உடுத்திக்கொண்டு வந்து நின்ற ஒரே இடம் இதுதான். முகம் தெரியாத இருபத்தைந்து பேர், மத்தியான வெயிலில், வாயைத் திறக்காமல். இழுத்தால் முடிந்துவிடும். மாலையில் கூடாரத்தில் போய் இருக்கலாம். யாராவது பக்கத்தில் வந்திருந்து என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவும் கூடும்.

அவள் கயிற்றை இழுத்தாள். கொடி கீழே வந்தது. நிலத்தில் முட்டாமல் கையில் ஏந்தி, விதியில் உள்ளபடி நான்காக மடித்து, ஃபிளெம்மிங்கிடம் நீட்டினாள்.

"செத்திட்டான் எண்டு நீங்கள் வாக்குப் போட்டீங்கள். நான் போடேல்லை" என்றாள். "நாளைக்கு அவன் போன் எடுத்தா, உன்னை அடக்கம் பண்ணித் தாட்டாச்சு எண்டு என்னால சொல்லேலாது."

ஃபிளெம்மிங் கொடியைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பிர்கித்தவிடம் மெல்லக் கேட்டார். "மத்தியானத்தில் இறக்கலாமா?"

"பார்க்கவேண்டும்" என்றார் பிர்கித்த. குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: கொடி இறக்கப்பட்டது. நேரம் 12.09.

ஐந்து மணிக்கு விழா தொடங்கியது. இசைக்குழு வாசித்தது நிலவறைக்கு நன்றாகக் கேட்டது. அன்று மாலையும் அருமைநாயகி மேலே போய், வெள்ளை அறைகளில் விளக்குகளைப் போட்டாள்.

தோர்சனின் கடிதம் அடுத்த கிழமை வந்தது. வருத்தத்தோடும் நன்றியோடும் மூன்று மாத அறிவித்தல் கொடுத்திருந்தார். அந்த வருட ஆண்டறிக்கை கார்த்திகையில் கிடைத்தது. 'பன்முகத்தன்மை' என்ற தலைப்பின்கீழ் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

மார்கழி முதல் நாள் அவள் எஸ்பியர்க்குக்கு மாறினாள். துறைமுகத்துக்குப் பின்னால் நான்கு மாடித் தொடர்மாடி, மூன்றாம் மாடியில் ஓர் அறை. மழையும் காற்றும். ஜெனிதா காரில் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர், எண்ணெய் பட்ட காற்சட்டையோடு, திறப்புக் கொத்தையும் ஒரு படிவத்தையும் எடுத்துக்கொண்டு கீழ்வாசலுக்கு வந்தார். அங்கே வரிசையாகத் தபால் பெட்டிகள்.

"பெயர் போடவேண்டும்" என்றார். "பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரன் போடமாட்டான், திருப்பி அனுப்பிவிடுவான். ஓர் ஆளா?"

"ரெண்டு பேர்" என்றாள் அருமைநாயகி.

ஜெனிதா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

மனிதர் படிவத்தைப் புரட்டினார். "இதில் ஒருவர்தான் இருக்கிறார். மற்றவர் எப்போது வருகிறார்?"

"பிந்தும்."

"சரி." அவருக்கு அதில் ஒன்றுமில்லை. பெயர் அச்சடிக்கிற சின்ன மெஷினைப் பையிலிருந்து எடுத்தார். முதல் பெயரைப் படிவத்தைப் பார்த்து அடித்து ஒட்டினார். "மற்றவருக்கு என்ன பெயர்? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள், எனக்கு உங்கள் பெயர்கள் வராது."

அருமைநாயகி வாயைத் திறந்தாள். எழுத்துகள் வரவில்லை. காற்று வாசல் கதவை ஒருதரம் தூக்கி அடித்தது.

ஜெனிதா கையிலிருந்த பெட்டியை நிலத்தில் வைத்தாள். தாயைப் பார்க்காமல், அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டு, மாமாவின் பெயரை டேனிஷில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். மனிதர் ஒரு விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"நீளமான பெயர். ஒரு வரியில் கொள்ளாது."

"அப்படியானால் இரண்டு வரியில் போடுங்கள்" என்றாள் ஜெனிதா, மிச்ச எழுத்துகளைச் சொன்னாள்.